பாட்டுக்கு அடியில் இருந்த குரல்

ஆம்பூர்
6.6.2023

கர்த்தருக்குள் பிரியமான தெபோராள் அக்காவுக்கு,

தங்கை பிரிசில்லா தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். நான் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இளம்பரிதியையும் மருமகளையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

அக்கா, நான் ஒரு காரியம் செய்யப் போகிறேன். நீ சிரிக்கக் கூடாது. பஜாரில் தவ்ஃபீக் பாய் தன் வீடியோ ஸ்டூடியோவை மூடுகிறார். இப்போது பிள்ளைகள் கல்யாணத்துக்கு டிரோன் பறக்க விடுகிறார்கள், அவரை யார் கூப்பிடுகிறார்கள்? சாமான்களை விற்கிறார். அதில் ஒரு டெக் இருக்கிறது. நம் வீடுகளில் படம் போட்டுப் பார்த்த டெக் மாதிரி இல்லை, ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய டெக். முன்பக்கம் இரண்டு முள் ஆடும், திருகுவதற்குக் குமிழ்கள் இருக்கும். அதை நான் பாட்டுப் பதிய வாங்கப் போகிறேன். படம் கிடையாது, வெறும் குரல்.

போன் இருக்கும்போது அது எதற்கு என்பாய். போனில் பதிந்து பார்த்தாயிற்று. நான் தாழ்த்திப் பாடினால் அது தூக்குகிறது, ஓங்கிப் பாடினால் அமுக்குகிறது. சுகிர்தா அண்ணியிடம் பாடம் கேட்டிருக்கும் போல. இந்த டெக்கில் முள்ளைப் பார்த்துக்கொண்டு நாமே குமிழைத் திருகி வைத்தால் வைத்த இடத்தில் நிற்குமாம். இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பாடலாமாம். பாட்டுக் கேசட்டில் வருகிற இரைச்சலும் இருக்காது என்கிறார் பாய். கோயிலில் என்னைப் பாடகர் குழுவின் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள், உனக்குத்தான் தெரியுமே. தொண்டை போவதற்குள் என் குரலை என் வீட்டில் என் இஷ்டத்துக்குப் பதிந்து வைக்க ஆசை.

சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையடிக்கிறார்கள். தமிழினிக்கு வரன் வந்திருக்கிறது என்று சாமுவேல் அண்ணன் என் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். அவனோடு வருஷத்துக்கு நாலு வார்த்தை, அவன் மனைவி சுகிர்தாவோடு அதுவும் இல்லை. என் நிச்சயதார்த்தத்தன்று என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டவள் தன் மகளுக்கு நிச்சயம் செய்யப் போகிறாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறார்கள். எனக்குப் பூமி வேண்டாம். அவள் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் தலையைத் தொங்கப் போட்டு நிற்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டால் போதும்.

பதில் போடு.

உன் தங்கை
பிரிசி


வாலாஜாபேட்டை
14.6.2023

செல்லத் தங்கை பிரிசிக்கு,

அக்காவின் அன்பும் ஜெபமும். மூட்டு அப்படியேதான், மாடிப்படி ஏறுவதில்லை. காதும் அப்படியேதான். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற காது, இனி எங்கே வரப் போகிறது? காது மெஷினை மாட்டினால் தகரத்தைத் தட்டுவது போல் இருக்கிறது, கழற்றி வைத்துவிட்டேன். நான் மெதுவாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன், தெரு முழுக்கக் கேட்கிறதாம். மருமகள் உதட்டில் விரலை வைத்து அடக்குகிறாள்.

போனில் எழுதி அனுப்பட்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தாய். போன் மருமகள் கையில் இருக்கிறது. நமக்குள் இருப்பதை அவள் படித்துக் காட்டவா? கடிதமே இருக்கட்டும். உன் எழுத்தைப் படிக்கும்போது உன் குரல் எனக்குள் கேட்கிறது. இந்த வீட்டில் எல்லோரும் வாயை அசைக்கிறார்கள், நீ ஒருத்திதான் என்னோடு பேசுகிறாய். உன் கடிதம்தான் எனக்குக் காது, பிரிசி.

டெக்கை வாங்கு. சம்பாதிக்கிறவள் நீ, யாரைக் கேட்க வேண்டும்? நீ பாடுவதை நான் கேட்க முடியாதே என்பதுதான் வருத்தம்.

இளம்பரிதியைச் சபைக்குச் செயலராக வைத்திருக்கிறார்கள். போன ஞாயிறு சாட்சி சொல்லும்போது, என் அம்மா வாயிலிருந்து நான் ஒரு பொய் கேட்டதில்லை என்றானாம். மருமகள் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுகிர்தாவிடம் ஜாக்கிரதை. மகள் கல்யாணத்தைச் சாக்காக வைத்து உறவு கொண்டாடி வருவாள், இடம் கொடுக்காதே. ஆடு பகை, குட்டி உறவா என்பார்கள், தமிழினியிடமும் ஒட்டாதே.

அன்புடன்
அக்கா தெபோராள்


ஆம்பூர்
11.7.2023

பிரியமான அக்காவுக்கு,

பிரிசியின் தோத்திரம். எல்லோரும் சுகம்தானே? எனக்கு ஒரு வாரம் ஜலதோஷம், இப்போது தேவலை.

டெக் வந்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் என் மடியில் பாதி, பாய் மடியில் பாதி. அம்மிக்கல்லைப் பெற்றெடுத்தது மாதிரி இருந்தது. கட்டில் ஓரத்தில் பெஞ்சு போட்டு வைத்திருக்கிறேன். மைக்கைக் கொடுத்து, "பாடுக்கா," என்றார் பாய். ஒரு சரணம் பாடினேன். இரண்டு முள்ளும் என் குரலோடு எழுந்து எழுந்து விழுந்தன. என் குரலுக்கு ஒருவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை, அக்கா. அழுதுவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். பதிய ஒரு கேசட் வேண்டும் என்றார். வீட்டில் இருந்தது ஒன்றுதான், என் நிச்சயதார்த்தக் கேசட். அப்பா பீரோவில் வைத்தது. அந்த நாளின் மேலேயே என் பாட்டை ஏற்றி அழித்துவிடலாம் என்று அதை நீட்டினேன். பாய் வாங்கிப் பார்த்துவிட்டு முகம் மாறினார்.

"அக்கா, இத அழிக்காத. இதுக்குப் பாட்டு போட்டவனே நான்தான். இதே செட்டுலதான் போட்டேன்."

பிறகு அவர் விளக்கினார். கல்யாண வீடியோவில் ஜனங்களின் கூச்சலை மறைக்க ஸ்டூடியோக்காரர்கள் மேலே பாட்டைச் சேர்ப்பார்களாம். அந்தப் பாட்டு டேப்பின் ஓரத்தில் ஒரு கோடாகத்தான் உட்காருமாம். கேமரா எடுத்த அசல் சத்தம் படத்தோடு ஒட்டி அடியில் அப்படியே கிடக்குமாம். வீட்டு டெக்குக்கு ஓரத்தை மட்டும்தான் படிக்கத் தெரியும். இந்தப் பெரிய டெக்கில் ஒரு பொத்தானைத் தள்ளினால் பாட்டு போய், அன்றைக்குப் பேசியதெல்லாம் கேட்கும்.

யோசித்துப் பார், அக்கா. அந்தக் கேசட்டை நம் டெக் கெட்டுப் போகும் வரை போட்டுப் போட்டுப் பார்த்தவள் நான். பெரம்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுகிர்தா குனிந்து மாப்பிள்ளையின் அம்மா காதில் என்னவோ சொல்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் எழுந்துவிட்டார்கள். பிரியாணி அண்டா திறந்த வாசனையோடு, ஒருவரும் கை நனைக்காமல் போய்விட்டார்கள். சம்பந்த வீட்டில் கை நனைக்காமல் எழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். பெண்ணுக்கு வலிப்பு என்று யாரோ சொன்னதாகப் பிறகு தரகர் சொன்னார். ஐந்து வயதில் ஜுரத்தில் எனக்கு வந்த வலிப்பு அது. வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரியும். படத்தில் சுகிர்தாவின் வாய் அசைகிறது, மேலே நாதஸ்வரம் ஒலிக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்று இத்தனை வருஷம் அந்த நாதஸ்வரம் மறைத்துவிட்டது.

டேப்பில் பூசணம் பிடித்திருக்கிறது. அப்படியே போட்டால் அறுந்துவிடும், சுருளைப் பிரித்துத் துடைக்க வேண்டும், நாளாகும் என்று பாய் எடுத்துப் போயிருக்கிறார். செப்டம்பர் பத்தாம் தேதி தமிழினிக்கு நிச்சயதார்த்தம், கோயில் ஹாலில். அங்கே மைக், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கிறது. டெக்கைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறேன். புது சம்பந்தி வீட்டார் முன்னால், பந்தி போடுவதற்கு முன்னால், அவள் குரலை அவளுக்கே போட்டுக் காட்டுவேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும். உடனே எழுது.

பிரிசி


வாலாஜாபேட்டை
9.8.2023

அன்புள்ள பிரிசிக்கு,

நலம். உன் நலத்துக்கு ஜெபிக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது, கண்ணில் நீர் வடிகிறது, டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்.

டெக் வாங்கியது நல்லது. ஆனால் அந்தப் பழைய கேசட்டை அதில் போடாதே. பூசணம் மெஷினுக்குள் போனால் அப்புறம் உன் பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? பேசாமல் கேசட்டை எனக்கு அனுப்பிவிடு. நம் ஆட்கள் எத்தனையோ பேர் அதில் இருக்கிறார்கள், ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குக் கேமரா எங்கே நின்றது என்று உனக்கு நினைவிருக்கிறதா? அந்தக் காலத்து மைக் எவ்வளவு தூரம் எடுக்கும்? பாயிடம் கேட்டு எழுது.

பேரனுக்குப் பள்ளியில் பரீட்சை. வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஆம்பூர்
16.8.2023

பிரியமான அக்காவுக்கு,

தோத்திரம். கண்ணுக்குக் கண்டதைப் போடாதே, இளநீர் குடி.

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. கேசட்டை அனுப்பிவிடு என்கிறாயே, வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இது என் வாழ்க்கை, அக்கா. அந்த மாப்பிள்ளை வீட்டார் முதலில் உன்னைத்தான் பார்க்க வந்தார்கள். பிறகு என்னைக் கேட்டார்கள். அப்போதுகூட நீ முகம் கோணவில்லை. என் புடவைக்கு நீதான் மடிப்பு வைத்தாய். அவர்கள் எழுந்து போன பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, "சுகிர்தாதான்டி சொல்லிட்டா," என்று முதலில் சொன்னவளும் நீதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் உயிரோடு இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவள் சுவர் மேல் பலகாரத் தட்டு வைப்பாள். நான் அதைக் கோழிக்குப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவாமல், வெறுமையாகத் திருப்பி வைப்பேன். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது எத்தனை பெரிய அவமரியாதை என்று தெரிந்துதான் செய்தேன்.

நீ கேட்டதை விசாரித்தேன். கேமராவைப் பந்தல் கால் ஓரம் நிறுத்தியிருந்தாராம் பாய். மைக் கேமராவோடு சேர்ந்தது. தூரத்தில் பேசினால் கொஞ்சம் கம்மியாக வரும், பக்கத்தில் பேசினால் காதில் பேசுவது போல வரும் என்றார். உனக்கு நினைவில்லையா? ஒயரில் யாரும் காலை வைக்காமல் பார்த்துக்கொள் என்று அப்பா உன்னைத்தான் கேமரா பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

டேப்பைப் பாதி துடைத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் கேட்டுவிடலாம்.

பிரிசி


வாலாஜாபேட்டை
19.8.2023

அன்புத் தங்கை பிரிசிக்கு,

கடிதம் இன்று காலை கிடைத்தது, உடனே எழுதுகிறேன். எனக்கு உடம்பு சரியில்லை. நீ புறப்பட்டு இங்கே வா. வரும்போது கேசட்டையும் எடுத்து வா, நேரில் பேசிக்கொள்ளலாம்.

பழி வாங்குவது நம் வேலை இல்லை என்று ஆயர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். தமிழினி என்ன பாவம் செய்தாள்? உனக்கு நடந்தது அந்தக் குழந்தைக்கும் நடக்க வேண்டுமா? அவள் அம்மாவின் மேல் இருக்கிற கோபம் அவள் அம்மாவோடு இருக்கட்டும்.

உனக்குச் சாட்சிதானே வேண்டும்? நான் இருக்கிறேன். சுகிர்தா சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அன்றைக்கு என் காது நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேல் ஒரு மெஷின் வந்து உனக்கு என்ன சொல்லப் போகிறது? கேட்காதே, பிரிசி. இறந்து போனவர்களின் குரல் எல்லாம் அதில் இருக்கும். உனக்குத் தாங்காது.

உடனே வா.

உன் அக்கா தெபோராள்


ஆம்பூர்
17.9.2023

தெபோராள் அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் தவ்ஃபீக் பாய் டேப்பைக் கொண்டு வந்தார். கதவைச் சாத்திவிட்டுப் போட்டோம். முதலில் நாதஸ்வரம் வந்தது. அவர் பொத்தானைத் தள்ளினார். நாதஸ்வரம் போய்ப் பந்தல் இரைச்சல் எழுந்தது. இறந்தவர்கள் குரல் தாங்காது என்று எழுதியிருந்தாய். அம்மா நாற்காலி பத்தவில்லை என்று யாரையோ ஏசினாள். தாங்கியது, அக்கா. இன்னும் கொஞ்ச நேரம் ஏச மாட்டாளா என்றுதான் இருந்தது.

பிறகு சுகிர்தா குனிந்தாள். தூரத்துக் குரல்தான், ஆனால் தெளிவு. அவள் மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பந்திக்கு வாங்க அத்த, பிரியாணி தம் உடைச்சாச்சு. எங்க பிரிசி நல்லா பாடுவா. அங்க வந்தாலும் அவள கோயில்ல பாட வுடுங்க அத்த."

அவ்வளவுதான். அந்த அம்மாவிடம் எனக்காக அவள் கேட்டது அது ஒன்றுதான். அதற்குத்தான் நான் கழுவாத தட்டைத் திருப்பி வைத்தேன்.

நான் அழுதுகொண்டிருந்தேன், பாய் நிறுத்தக் கை நீட்டினார். அதற்குள் இன்னொரு குரல் வந்தது. படத்தில் ஆள் இல்லை. படத்தில் சுகிர்தா தண்ணீர்ச் சொம்போடு நடந்து போகிறாள். குரல் மட்டும் மைக்குக்குப் பக்கத்தில், என் காதிலேயே சொல்வது போல, மெதுவாக வந்தது. இதையும் அப்படியே எழுதுகிறேன்.

"சொல்லாம இருந்தா எனக்குப் பாவம் அத்த. பொண்ணுக்கு வலிப்பு இருக்குது, சின்னதுலருந்தே. வெளிய தெரியாம வச்சிருக்காங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"இன்னாம்மா சொல்ற?" என்கிறாள் மாப்பிள்ளையின் அத்தை. அப்புறம் அவள் படத்துக்குள் வந்து தன் அண்ணியின் தோளைத் தட்டுகிறாள்.

அந்தக் குரல் யாருடையது என்று பாய் என்னைக் கேட்கவில்லை. கை கழுவ வேண்டும் என்று எழுந்து வெளியே போய்விட்டார். பாடகர் குழுவில் எனக்கு இடது பக்கம் வருஷக்கணக்காக நின்று பாடிய குரல் எனக்குத் தெரியாதா? வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்?

பத்தாம் தேதி ஹாலுக்குப் போனேன். டெக்கைக் கொண்டு போகவில்லை. ஸ்பீக்கர்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால், "அக்கா, கனெக்‌ஷன் குடுக்கவா?" என்று கேட்டார். மைக் மட்டும் போதும் என்று சொல்லி ஒரு கீர்த்தனை பாடினேன். பிறகு சமையல்கட்டுக்குப் போய்ப் பிரியாணித் தட்டை எடுத்து வந்து தமிழினியின் மாப்பிள்ளையுடைய அம்மாவுக்கு நானே முதலில் வைத்தேன். "கை நனைங்கம்மா," என்றேன். அவர்கள் சாப்பிட ஆரம்பிக்கும் வரை நகரவில்லை. சுகிர்தா அண்ணி கரண்டியும் கையுமாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்ன பேசப் போகிறாளோ என்று காத்திருந்தேன்.

"பிரிசி, கத்திரிக்கா எடுத்துட்டு வா, அந்த வரிசைக்குப் போவல," என்றாள். நேற்று விட்ட பேச்சைத் தொடர்வது போல.

எடுத்துக்கொண்டு போனேன்.

நேற்று சுவர் மேல் தட்டு வைத்தாள். கழுவி, நாலு மாதுளம்பழம் வைத்துத் திருப்பினேன். அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

நீ என்ன சொல்கிறாய்?

பிரிசில்லா


வாலாஜாபேட்டை
9.10.2023

அன்புள்ள பிரிசிக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். கடிதம் கிடைத்தது. தமிழினி நிச்சயம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். நீ பாடினாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது.

இங்கே நல்ல மழை. பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறதாம். பேரனுக்கு ஜுரம் வந்து சரியாகிவிட்டது. கடிதம் மழையில் நனைந்து வந்ததால் நடுப்பக்கம் மை கலங்கியிருந்தது. என் கண்ணும் சரியில்லை, படிக்க முடியவில்லை. விட்டுத் தள்ளு.

நீ பாட்டுப் பதிந்தாயா? எந்தெந்தப் பாட்டு? விவரமாக எழுது. உன் கடிதம் வந்தால்தான் எனக்குப் பொழுது போகிறது.

அக்கா


ஆம்பூர்
25.10.2023

தெபோராள் அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிறேன்.

நடுப்பக்கம் மை கலங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். சரி. மை கலங்கும், குரல் கலங்காது. அதனால் இனிமேல் உனக்கு எழுதப் போவதில்லை. இதுவே கடைசிக் கடிதம்.

இதோடு ஒரு கேசட் வருகிறது. என் வீட்டில், என் டெக்கில், நானே குமிழைத் திருகி, நானே பதிந்தது. நாம் சேர்ந்து பாடிய பாட்டெல்லாம் அதில் இருக்கிறது. எங்காவது தேடிப் பிடித்து ஒரு வீட்டு டெக்கில் போட்டால் பாட்டு மட்டும்தான் வரும். பாட்டுக்கு அடியில் நான் பேசியிருக்கிறேன். தவ்ஃபீக் பாயிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன். உன்னை மன்னித்தேனா இல்லையா என்று அதில் சொல்லியிருக்கிறேன். இரண்டில் எது என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அதைக் கேட்க இந்த டெக்தான் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் என் வீட்டுக்கு வா, போடுகிறேன். ஆனால் உனக்குக் காது கேட்காது. கேட்டு உனக்கு எழுதிக் காட்ட ஒரு ஆள் வேண்டும். அது நான் இல்லை. பாய் இல்லை, அண்ணி இல்லை. உன் வாயிலிருந்து ஒரு பொய்யும் கேட்டதில்லை என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னானே, அவனை அழைத்து வா. சித்தி எதற்காகப் பெரிய மனசு பண்ண வேண்டும் என்று அவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வந்தால் டெக்கைப் போட மாட்டேன்.

என் கடிதம்தான் உனக்குக் காது என்று ஜூன் மாதம் எழுதினாய். அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதை நினைத்தால் இது கம்மிதான்.

பிரிசில்லா


வாலாஜாபேட்டை
20.11.2023

பிரிசி,

நலமா? கேசட் வந்தது. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். இது என்ன என்று இளம்பரிதி கையைக் காட்டிக் கேட்டான். பழைய பாட்டு என்றேன்.

தபால்காரர் தெருவில் சைக்கிளை நிறுத்துவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கரண்டு பில் வருகிறது, பேரன் பள்ளியிலிருந்து வருகிறது. உன் எழுத்து இல்லை. வீட்டில் எல்லோரும் வாயை அசைக்கிறார்கள்.

ஒரே ஒரு வார்த்தை எழுது. மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ. திட்டியாவது எழுது.

அக்கா


வாலாஜாபேட்டை
18.12.2023

கர்த்தருக்குள் பிரியமான பிரிசிக்கு,

தெபோராள் தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். நான் இருக்கிறேன். நீயும் சாமுவேலும் சுகிர்தாவும் தமிழினியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

உன்னிடமிருந்து பதில் வராது என்று தெரிந்துகொண்டேன். பண்டிகை கழிந்த சனிக்கிழமை வருகிறேன், வீட்டில் இரு. இளம்பரிதியை அழைத்து வருகிறேன். சித்தியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் எழுதிக் காட்டினேன். எதற்கு என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அதனால் பஸ்ஸில் சொல்லப் போகிறேன். வாலாஜாவில் ஏறினால் ஆம்பூர் வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும், வேலூர் தாண்டுவதற்குள் ஆரம்பிக்கவாவது வேண்டும். ஜன்னல் ஓரம் அவனை உட்காரச் சொல்லிவிட்டு அவன் காதுக்குப் பக்கத்தில்தான் சொல்வேன்.

ஆனால் என் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று எனக்குத் தெரியாது, பிரிசி. உன் டெக்கில் ஆடுகிற முள் மாதிரி ஒன்று என் முன்னால் இருந்தால் பார்த்துக் குறைத்துக்கொள்வேன். பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்டுவிடும்.

தெபோராள்